எல்லைக்கல் தாண்டிய சோறு

கையில் சீழோடு ஊருக்கே சோறு போட்டவள் என்று நேற்றுக்கூடக் குழாயடியில் ஒருத்தி சொன்னாள். சொன்னவள் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தே நாலு வருடம்தான் ஆகிறது. அங்காளம்மாளின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

"சீழா? நீ பாத்தியாடி?" என்று கேட்டேன்.

"நான் எங்க பாத்தேன் பெரியாத்தா. எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு? பேரைச் சொல்லு."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அவளால் பேர் சொல்ல முடியாது. சொன்னால் முதல் பேராக என் பேரைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். மூக்காயி என்று. அதனால்தான் நானே சொல்ல வந்தேன்.

சீழ் இல்லை. சோறு போட்டதற்கு முதல் நாள் சாயங்காலம் அரிவாள்மனையில் பூசணிக்காய் நறுக்கும்போது பட்ட வெட்டு. இடது கை ஆள்காட்டி விரல். அந்தக் கையால் அவள் அன்றைக்கு ஒரு பருக்கையைக்கூடத் தொடவில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அது என்ன கிழமை, எந்தச் சட்டியில் எது வெந்தது, யாருக்கு எத்தனை மணிக்கு வாந்தி வந்தது என்பதெல்லாம் மனப்பாடம். நான் சொல்வதை எழுதிக்கொள்கிறவள் மெதுவாகச் சொல்லச் சொல்கிறாள். பத்து வருடம் மெதுவாகத்தான் இருந்துவிட்டேன். இப்போது வேகமாகத்தான் வரும்.

அங்காளம்மாள் எங்கள் தெரு உடையப்பனோடு கூடப்பிறந்த தங்கை. எங்கள் ஊர் சாணார்பட்டியிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம். அவளை ரெட்டியார்சத்திரம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு பெண் பிள்ளை பிறந்து மூன்று வயதுவரை வளர்ந்தது. ஒரு கல்யாண வீட்டிலிருந்து கூடையில் கட்டிக்கொண்டு வந்த சோற்றை மறுநாள் காலையில் மாமியார்க்காரி பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறாள். வெயில் ஏறுவதற்குள் பிள்ளை வாந்தி எடுத்தது. பிறகு வயிறு போனது. குடல் ஏறிவிட்டது என்று விளக்கெண்ணெய் போட்டுத் தடவினார்கள். மிளகாய் வற்றல் சுற்றிப் போட்டார்கள். வயிறு காயட்டும் என்று குடிக்கிற தண்ணீரையும் நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. அதோடு புருஷன் வீடும் போனது. அவன் அடுத்த வருடமே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான்.

அண்ணன் வீட்டுக்கு வந்தவள் ஆறு மாதம் யாரோடும் பேசவில்லை. முதலில் அவள் வாய் திறந்தது நர்ஸம்மாவிடம்தான். பேகம்பூரிலிருந்து நஜ்முன்னிசா என்று ஒரு நர்ஸம்மா புதன்கிழமை புதன்கிழமை பஸ்ஸில் வந்து பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும். ஒரு புதன்கிழமை இவள் போய் முன்னால் நின்று கேட்டாள்.

"கடைசி நாள்ல எம்புள்ள அழுதுச்சு, கண்ணுல தண்ணியே வரல. அது ஏன் நர்ஸம்மா?"

நர்ஸம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டது. "ஒடம்புல இருந்த தண்ணியெல்லாம் வாந்தியிலயும் பேதியிலயும் போயிருச்சும்மா. நாக்கு காஞ்சிருக்கும், கண்ணு குழிஞ்சிருக்கும், ஒண்ணுக்குப் போயிருக்காது. வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா படியாம அப்படியே நிக்கும். அந்த நேரத்துல உப்பும் சர்க்கரையும் கரைச்ச தண்ணிய வாய்க்கு வாய் குடுத்துக்கிட்டே…" என்று சொல்லி, மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டது. நிறுத்தியதை இவள் கவனித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் புதன்கிழமை தவறாமல் அங்கேதான். நர்ஸம்மாவும் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தது. வாந்தியும் பேதியும் வந்தால் முதலில் மருந்து தேடாதே, கேள்வி கேள். என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு? எத்தனை மணிக்கு வந்தது? வாந்தி முந்தியா, பேதி முந்தியா? காய்ச்சல் அடிக்கிறதா, மலத்தில் ரத்தம் உண்டா? கூடச் சாப்பிட்டவர்களில் யாருக்கு ஒன்றும் இல்லை? இந்தக் கடைசிக் கேள்வியை அங்காளம்மாள் ரொம்பப் பிடித்துக்கொண்டாள். "நோவு வந்தவன் பொய் சொல்லலாம்க்கா, வராதவனுக்குப் பொய் சொல்ல என்ன இருக்கு?" என்பாள் என்னிடம்.

பிறகு அவள் திண்டுக்கல்லில் ஒரு விசேஷ வீட்டுச் சமையல்காரரிடம் வெங்காயம் உரிக்கப் போனாள். உரித்தாள், அரைத்தாள், வெஞ்சனம் வைத்தாள். ஏழெட்டு வருடத்தில் தானே கரண்டி பிடித்தாள். காதுகுத்து, சடங்கு, கிடாவெட்டு என்று எங்கள் பக்கத்துப் பத்து ஊருக்கும் அவள்தான். வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும். பாக்கை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டால் அவள் வந்தாயிற்று என்று அர்த்தம். அவளுக்கு நிலம் இல்லை, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அந்த முந்தி முடிச்சுதான் அவளுக்கு எல்லாம்.

அவளுடைய கெடுபிடி கொஞ்சமில்லை. கையில் ஆம்பளைக் கடிகாரம் ஒன்று கட்டியிருப்பாள். எழுத்துத் தெரியாது, மணி தெரியும். வடித்த சோற்றை அண்டாவில் குவித்து மூட விடமாட்டாள். பாயில் வெள்ளை வேட்டி விரித்துப் பரத்தச் சொல்வாள். குழம்பு பந்தி முடியும்வரை அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"கொதிச்சா கொதிக்கட்டும், ஆறினா ஆறட்டும். ரெண்டுக்கும் நடுவுல வெதுவெதுன்னு கெடக்கக் கூடாது" என்பாள். அவளுக்கு அந்த வெதுவெதுப்புத்தான் எமன். பந்தியில் உட்கார்ந்த கிழவர்கள் கேலி பேசுவார்கள்.

"ஏத்தா, கறி வெந்துச்சான்னு பாக்கச் சொன்னா மணியப் பாக்குற? கறி என்ன மதுரை பஸ்ஸா?"

"வெந்ததை மூக்கு சொல்லும் மாமா. கெட்டதை மூக்கு சொல்லாது, மணிதான் சொல்லும். நீங்க எலையப் பாத்துச் சாப்புடுங்க, எலும்பு தொண்டையில நிக்கப்போகுது."

இப்படிப்பட்டவளைத்தான் சீழ்பிடித்த கைக்காரி என்கிறார்கள்.

இது நடந்தது ஊருக்குள் எஸ்.டி.டி. பூத் வந்த வருடம். மூன்று வருடமாக மழை இல்லை. உடையப்பன் சம்பங்கித் தோட்டம் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு முறை போர் போட்டு இரண்டிலும் புகைதான் வந்தது. மூன்றாவது போடும்போது மடைக்கருப்புக்கு நேர்ந்துகொண்டான். தண்ணீர் வந்தால் ரெண்டு கிடா. தண்ணீர் வந்தது. பொங்கிக்கொண்டு வந்தது.

மடைக்கருப்பு கோயில் ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையில். அந்தச் சாமிக்கு ஒரு கட்டு உண்டு. அங்கே வெட்டியதை அங்கேயே சமைத்து அங்கேயே சாப்பிட வேண்டும். கோயிலுக்கு முன்னால் ஒரு எல்லைக்கல் நிற்கிறது. வெந்த சோற்றில் ஒரு பருக்கைகூட அந்தக் கல்லைத் தாண்டி ஊருக்குள் வரக்கூடாது. மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். மீறினால் நேர்த்திக்கடன் செல்லாது, சாமி கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்பார்கள்.

வைகாசி மாதம், செவ்வாய்க்கிழமை. முதல் நாள் விரலை வெட்டிக்கொண்டதும் அங்காளம்மாள் நேராக அண்ணனிடம்தான் போனாள். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, கையில வெட்டுப்பட்டுருச்சு. புண்ணுக்கை பட்ட சோறு விசமாயிரும். நாளைக்கு வேற ஆள வச்சுக்க."

"வீட்டு விசேசத்துக்கு வெளியாள வைக்கிறதா? ஊரு சிரிக்கும். நீ தொட வேணாம் தாயி. பக்கத்துல நின்னு சொல்லு, மத்தவங்க செய்யட்டும்."

அப்படியேதான் நடந்தது. விரலில் துணி சுற்றி, அதன் மேல் பால் கவரை மாட்டி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். கறியை ஆண்கள் வெட்டினார்கள். மசாலாவை நான் அரைத்தேன். கரண்டியைக்கூடப் பிடிக்காமல் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அதட்டிக்கொண்டே நின்றாள். மத்தியானம் ஒரு மணிக்குப் பந்தி. இருநூறு இலைக்குக் குறையாது. மிச்சத்தைப் புதைத்தோம், வந்தோம். பொழுது இறங்கியது, விடிந்தது, ஒருத்தருக்கும் தலைவலிகூட இல்லை.

ஆனால் எல்லா மிச்சமும் புதைக்கப்படவில்லை. உடையப்பன் பெண்டாட்டி சண்முகவள்ளி ஒரு தூக்குவாளி நிறையச் சோறும் கறிக்குழம்புமாகப் பிசைந்து போட்டு, சேலைக்கு உள்ளே மறைத்து எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டாள். பேராசை என்று சொல்லமாட்டேன். மருமகள் தீபா வீட்டு விலக்கில் இருந்ததால் கோயிலுக்கு வரவில்லை. வீட்டு விசேஷத்துக் கறியை மருமகள் மட்டும் வாய் பார்க்கக் கூடாதே என்ற எண்ணம்தான்.

வீட்டுக்கு வந்தால் நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்து, கோயிலில் சாப்பிட்டுவிட்டு முந்தியே திரும்பிய அவளுடைய அண்ணன் கருப்புசாமியும் குடும்பமும் கூடம் நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள். வாளியை எங்கே வைப்பது? உள் அறையில் நெல் கொட்டி வைக்கிற மண் குலுக்கை இருக்கிறது. வெயிலில் காய்ந்த நெல்லை முதல் நாள் சாயங்காலம்தான் சூட்டோடு கொட்டியிருந்தார்கள். சூடு தணியாத அந்த நெல்லுக்குள் வாளியைப் புதைத்து மூடிவிட்டாள். விருந்தாட்கள் அன்றிரவு தங்கிவிட்டார்கள். எடுக்க முடியவில்லை.

மற்ற நாளாக இருந்தால் மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்போம். மறுநாள் நீச்சத் தண்ணியாவது மிஞ்சும். இது சாமி சோறு. சாமி சோற்றில் தண்ணீர் ஊற்றினால் நேர்த்திக்கடனையே தண்ணீர் தெளித்து விட்டதாகிவிடும் என்று ஊற்றவில்லையாம். கல்லைத் தாண்டும்போது பயமில்லை, தண்ணீர் ஊற்றத்தான் பயம். ஒரு மணிப் பந்திச் சோறு, கறியோடு, இறுக்க மூடி, விடிய விடிய நெல் சூட்டில் வெதுவெதுவென்று கிடந்தது.

புதன்கிழமை முதல் பஸ்ஸுக்கு விருந்தாட்கள் போனதும் எடுத்தாள். மோந்து பார்த்தாள், கறி மணம்தான் அடித்தது. சூடு பண்ணினாள். தீபாவுக்கும் மகன் பழனிக்குமாருக்கும் வைத்தாள். பழனிக்குமாரின் மகள் இசைவாணிக்கு, நாலு வயதுப் பிள்ளை, ஊட்டிவிட்டாள். எதிர் வீட்டுக்கு ஒரு கிண்ணம், வேலிக்கு மேலாக எனக்கு ஒரு கிண்ணம். "ஒருத்தர்கிட்டயும் சொல்லாத மதினி" என்றாள். எந்த வாளி, எந்தச் சோறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தின்றேன். மறைக்க என்ன இருக்கிறது, ருசியாகத்தான் இருந்தது.

அப்போது மணி ஏழரை இருக்கும். பத்து மணிக்கு என் வயிற்றைப் பிடித்து முறுக்கியது. கொல்லைக்கு ஓடினேன். அரை மணிக்குள் தெருவில் ஏழு பேர் வாந்தி. ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லை. மத்தியானத்துக்குள் பேதியும் சேர்ந்துகொண்டது.

பெரியவர்கள் நாங்கள் தாங்கினோம். இசைவாணி தாங்கவில்லை. எலுமிச்சம்பழம் சுற்றினாள் சண்முகவள்ளி. "கொடல் ஏறிருச்சு, தடவுனா சரியாயிரும்" என்று எண்ணெயை எடுத்தாள். புதன்கிழமைதான், ஆனால் நர்ஸம்மா எப்போதோ மாற்றலாகிப் போயிருந்தது. பக்கத்து ஊருக்குப் பாக்கு வாங்கப் போயிருந்த அங்காளம்மாள் மூன்று மணி வாக்கில் வந்தாள். வந்தவள் பிள்ளையின் நாக்கை நீட்டச் சொன்னாள். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். அது மடிந்தபடியே நின்றது.

"எப்ப ஒண்ணுக்குப் போச்சு?"

யாருக்கும் தெரியவில்லை.

பிள்ளை அழுதது. கண்ணில் தண்ணீர் இல்லை. அதைப் பார்த்ததும் அங்காளம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் காலால் எத்திவிட்டாள்.

"என்னடி இது, என் வீட்டுல வந்து…" என்றாள் சண்முகவள்ளி.

"தடவுனது போதும் மதினி. எம்புள்ளைக்கும் இப்படித்தான் தடவுனாங்க."

தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, தீபாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். வழியெல்லாம் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டிக்கொண்டே போனாளாம். கக்கினால் செத்த நேரம் விட்டு மறுபடியும். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பொழுது அடைவதற்குள் பிள்ளை ஒன்றுக்குப் போனது. படுக்கை நனைந்ததைப் பார்த்து அங்காளம்மாள் அழுதாளாம். இதுவும், ஆஸ்பத்திரியில் மேற்கொண்டு நடந்ததும் தீபா பிறகு என்னிடம் சொன்னது.

ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். "நேத்து கோயில் சாப்பாடு" என்றாள் தீபா, மாமியார் சொல்லிக்கொடுத்தபடி. அங்காளம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"நீதான் கோயிலுக்கே வரலையே தீபா. ஒனக்கு எப்படி வாந்தி வந்துச்சு?"

அங்காளம்மாள் உடனே ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பூத்துக்குப் போய் நெய்க்காரப்பட்டிக் கடைக்குப் போன் போட்டு, கருப்புசாமியைக் கூப்பிடச் சொன்னாள்.

"ஏனுங்க, அங்க யாருக்காச்சும் வயிறு சரியில்லையா?"

"இல்லீங்களே! எல்லாரும் நல்லாத்தானுங்க இருக்கோம். கறி வாசம் இன்னும் கையிலயே இருக்குதுங்க. ஏனுங்க, அங்க என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்லீங்க" என்று வைத்துவிட்டாள். கோயிலில் சாப்பிட்டு ஊருக்குப் போனவர்களுக்கு ஒன்றும் இல்லை. கோயிலுக்கே வராதவளுக்கு வாந்தி. அப்படியானால் சோறு நடந்து வந்திருக்கிறது. திரும்பி வந்து பார்க்கும்போது இசைவாணிக்குக் கொஞ்சம் தெளிந்திருந்தது. பிள்ளை அவளை அங்காச்சி என்றுதான் கூப்பிடும். "அங்காச்சி, இனிமே குலுக்கைக்குள்ள இருக்கிற கறி வேண்டாம்" என்றது.

சாயங்காலம் உடையப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். அவன் அந்தச் சோற்றைத் தின்னவில்லை. விடியவே தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டான். அங்காளம்மாள் அவனைப் பிள்ளை படுத்திருந்த கட்டிலோரம் கூப்பிட்டு விவரம் சொன்னாள்.

"சோத்துல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சியோட வெதை வேகவச்சாலும் சாகாதுண்ணே. வெதுவெதுன்னு கெடந்தா மொளச்சு விசத்தைக் கக்கும். அப்புறம் சூடு பண்ணினாலும் அந்த விசம் போகாது. நர்ஸம்மா சொல்லியிருக்கு. மதினி தெரியாமச் செஞ்சிருச்சு. ஊர்ல சொல்லிரு. நாளைக்கு இன்னொருத்தர் இப்படிச் செஞ்சுறக் கூடாது."

"சொல்றேன் தாயி. நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. எல்லையத் தாண்டுன விசயம், நான் சொன்னாத்தான் எடுபடும்." அவள் கையைப் பிடித்துப் பிள்ளை தலைமேல் வைத்தான். "சத்தியம் பண்ணு, வாளியப் பத்தி நீ பேசமாட்டேன்னு."

பிழைத்துக் கிடக்கிற பிள்ளையின் தலை. பண்ணிவிட்டாள். கூடப்பிறந்தவன்மேல் அவளுக்கு அம்புட்டு நம்பிக்கை.

வியாழக்கிழமை அவள் மட்டும் ஊர் திரும்பியபோது கோயில் சாப்பாட்டால்தான் வாந்தி என்று பேச்சுப் பரவியிருந்தது. மூன்று வீட்டார் வந்து பாக்கைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்த பாக்கைத் திருப்பிக் கேட்பது எங்கள் பக்கத்தில் முகத்தில் துப்புவதற்குச் சமம். அவள் முந்தியை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தாள். "நாளைக்கு ஊர் கூடுது. எங்க அண்ணன் பேசும். அப்புறம் நீங்களே வந்து திரும்ப வைப்பீங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மந்தையில் ஊர் கூடியது. கோயில் பெரியவர் முனியப்பன்தான் பேச்சை எடுத்தார்.

"யாத்தா அங்காளம்மா, ஒன்னையக் குத்தம் சொல்லக் கூப்புடல. கோயில் சாப்பாட்டுனால ஏழு பேருக்கு முடியாமப் போச்சுங்கிறாங்க. சாமி குத்தமா, சமையல் குத்தமான்னு தெரியணும். உடையப்பா, விசேசம் ஒன்னுது. நீ சொல்லு."

அங்காளம்மாள் அண்ணனைப் பார்த்தாள். சண்முகவள்ளியும் பார்த்தாள். உடையப்பன் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தான். போரில் தண்ணீர் வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. எல்லையைத் தாண்டியது என் வீட்டுச் சோறுதான் என்று சொன்னால், நாளைக்கு மோட்டாரில் காற்று வந்தால்கூட ஊர் அவனைப் பார்த்துச் சிரிக்கும்.

"சாமி குத்தம் இல்லீங்கய்யா. தங்கச்சி கையில வெட்டுக்காயம் இருந்துச்சு. புண்ணுக்கை பட்ட சோறு விசமாயிரும்னு அதுவே என்கிட்டச் சொன்னுச்சு. நான்தான் கேக்காம விட்டுட்டேன்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. எல்லாம் சேர்ந்து பொய்.

கூட்டம் ஓ என்றது. "கையக் காட்டு, கையக் காட்டு" என்றார்கள். அங்காளம்மாள் விரலைத் தூக்கிக் காட்டினாள். காயம் ஆறிப் பக்கு கட்டியிருந்தது. வாளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளை தலையில் அடித்த சத்தியம்.

"சரிங்கய்யா. எங்கைதான்னே வச்சுக்குவோம்" என்றாள். "புண்ணுக்கை விசம் ரெண்டு மூணு மணி நேரத்துலயே வாந்தி எடுக்க வச்சுரும். பந்தி ஒரு மணிக்கு. எங்கையால வந்ததுன்னா அன்னைக்குப் பொழுது எறங்கறதுக்குள்ள வந்திருக்கணும். யாருக்கு எப்ப வாந்தி வந்துச்சுன்னு மட்டும் கேளுங்க. வேற ஒண்ணும் கேக்க வேணாம்."

முனியப்பன் அவளை உற்றுப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். சுற்றிலும் பார்த்து என்னைக் கைகாட்டினார். "மூக்காயி, நீ வயசுல மூத்தவ. நீ சொல்லு. ஒனக்கு எப்ப வந்துச்சு?"

அங்காளம்மாள் முகம் தெளிந்தது. நான் அவளுக்கு மசாலா அரைத்தவள். பால் கவரை அவள் விரலில் கட்டிவிட்டவளே நான்தான். மறுநாள் பத்து மணி என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சண்முகவள்ளி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் என்றால் அடுத்த கேள்வி, மறுநாள் என்ன தின்றாய் என்பது. எல்லைக்கல்லைத் தாண்டிய சோற்றைத் தெரிந்தே தின்றவள் என்று ஆகிவிடும். என் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தோம்.

"அன்னைக்குச் சாயந்திரமே வந்துருச்சுங்க" என்றேன்.

எனக்குப் பின்னால் எதிர் வீட்டுக்காரியும் அதையே சொன்னாள். பழனிக்குமாரும் சொன்னான். முதல் ஆள் சொன்ன பிறகு மற்றவர்களுக்கு எளிது. ஆவணியில் என் மகள் கல்யாணம் நடந்தது. சமையலுக்கு வேறு ஆள்.

யார் எத்தனை மணி சொன்னாலும் அங்காளம்மாள் தன் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இனி இந்த ஊரில் அவள் கரண்டி பிடிக்கக்கூடாது என்று பேசி முடித்தார்கள். கலைந்தோம்.

எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. நாலு மணிக்கு உடையப்பன் வீட்டு வாசலுக்குப் போனேன். அங்காளம்மாள் உள்ளே ஒரு மஞ்சள் பையில் ரெண்டு சேலையை வைத்துக்கொண்டிருந்தாள். நீளக் கரண்டியைத் துணியில் சுற்றியிருந்தாள். காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த இசைவாணி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிந்தது.

"தீபா, இன்னும் ரெண்டு நாளைக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணிய நிறுத்திராத. நாக்கு காஞ்சா, ஒண்ணுக்குப் போகலைன்னா, யாரையும் கேக்காம பஸ் ஏறிரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சரி சின்னத்தே" என்றாள் தீபா. அழுதாள். அழத்தான் அவளால் முடிந்தது.

உடையப்பன் கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "எங்க போற? ஊரு நாலு நாளைக்குப் பேசும், அப்புறம் மறந்துரும். நான் சோறு போடமாட்டேனா? உள்ள வெந்து இருக்கு, தின்னுட்டுப் பேசு."

"எத்தனை மணிக்கு வடிச்சதுண்ணே?" என்று கேட்டாள்.

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான்.

பிள்ளையின் கையைச் சேலையிலிருந்து பிரித்து எடுத்தாள். அதன் தலையில் ஒருமுறை கை வைத்தாள், சத்தியம் பண்ணிய அதே இடத்தில். வாசலுக்கு வந்தாள். நான் நிலையை மறித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவளே கேட்டாள்.

"ஒனக்கு எத்தனை மணிக்குக்கா வந்துச்சு?"

"பத்து மணி" என்றேன். "புதன்கிழமை, பத்து."

பின்னால் சண்முகவள்ளி காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். அங்காளம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"காலையில கேட்டேன்க்கா இதை" என்றாள். "இப்ப மணி நாலேகால்."

கரண்டியை ஒரு கையிலும் பையை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு படியில் கால் வைத்தாள். நான் நகர்ந்து வழிவிட்டேன்.